உன் படத்தை வைத்துப் பழகினேன்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சகாய பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, நீயும் அந்த டப்ளின் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் நீ டூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் இருக்கிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

கேமராவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு சும்மா இருப்பா என்கிறாய். சும்மா இருந்தால் இந்த வீட்டுக் கதவை யாரம்மா தட்டுவார்கள்? உன் அம்மா போன பிறகு, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுக்கக் கூப்பிட வருகிறவர்களோடுதான் நான் நாலு வார்த்தை பேசுகிறேன். அவர்களும் இப்போது வெறும் படம் கேட்பதில்லை. இறந்துபோனவர்கள் மண்டபத்துக்கு நடந்து வந்து மணமக்களை ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி ஏஐ வீடியோ வேண்டுமாம், தெரியாது என்றால் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள். சரி, நாமும் ஒரு கை பார்ப்போம் என்று விழுப்புரத்தில் ஆல்பம் டிசைன் பண்ணுகிற சங்கவியிடம் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொள்கிறேன். உன்னைவிடச் சின்னப் பெண், வாய் மட்டும் அப்படியே நீதான். "அங்கிள், அத்த அமுக்காதீங்கன்னு எத்தினி தபா சொல்றது, பேஜாரு பண்ணிக்கினு" என்று எல்லார் முன்னாலும் திட்டுகிறாள்.

முதல் வேலை விக்கிரவாண்டி பாண்டுரங்கன் மகள் கல்யாணம். போன வருஷம் தவறிப்போன அவர் மனைவி வந்து மகளை ஆசீர்வதிக்க வேண்டும். செய்தேன், நன்றாகத்தான் வந்தது, அந்த அம்மாள் முகம்தான் மணமக்களைப் பார்க்காமல் வேறு பக்கம் இருந்தது. ஆல்பத்தில் செய்கிற பழக்கத்தில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினால் பாண்டுரங்கனின் தங்கை கிருஷ்ணவேணி ஒரே கத்தல். "இன்னாங்க இது, எங்க அண்ணி பீச்சாங்கையால ஆசீர்வாதம் பண்ணிக்கினு நிக்கிறாங்க! நல்ல காரியத்துல இப்டியா?" என்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜல்தி மாற்றித் தரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். இது ஊர் பூராவும் பரவினால் அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான், சொல்லு.

வீட்டு ஆட்களின் படத்தை வைத்து முதலில் பழகுங்கள் என்றாள் சங்கவி. அம்மா படத்தைத் தொட எனக்கு மனசு வரவில்லை. நீ புறப்பட்ட அன்று ஏர்போர்ட்டில் எடுத்த உன் படத்தைப் போட்டேன். பிரியா, நீ நம் வாசல் வழியாகவே வந்தாய். சிரித்தாய். வலது கையை என் தலையில் வைத்தாய். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகை மாதிரி மறைந்துபோனாய். அந்த வீடியோக்கள் எல்லாமே அப்படித்தான் முடியும், அதில் வருகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஐயோ, உயிரோடு இருக்கிற பிள்ளையை இப்படிப் பண்ணிவிட்டேனே என்று உடனே அழித்துவிட்டு, கோயிலுக்குப் போய் உன் பேரில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

பாண்டுரங்கனுக்குச் சரியாகச் செய்து கொடுத்துவிட்டேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டிருக்கிறார், வேலைக்குக் குறை வராது, நீ அதை நினைத்துக் கவலைப்படாதே. அவருக்கு அந்த வீடியோவை விட்டால் வேறு வழியில்லை. எனக்கு அப்படி இல்லையே, நீ இருக்கிறாயே அம்மா.

டிக்கெட் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று நீ சொல்லி இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். லீவை மறக்காமல் இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. வந்து என்னோடு சண்டை போட்டாலும் சரி. பிள்ளை தலையில் அப்பாதான் கை வைக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
சின்னப்பராஜ்.