செல்லத்துக்கு இங்கிலிஷ் தெரியாது

தம்பி,

இன்று பின்னேரம் பால் வாங்க த்ரீ கிங்ஸ் டெயரிக்குப் போனேன். காலையிலிருந்து விடாத மழை. கடை வாசலில் யாரோ ஒரு நாயைக் கட்டிவிட்டு உள்ளே போயிருந்தார்கள். நான் குடையை மடக்கக் குனிந்த நேரம் அது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. முகத்திலும் கோட்டிலும் தண்ணீர். நனைந்த நாயின் மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். நாய்க்காரப் பெண் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பாலும் வாங்காமல் வீட்டுக்கு வந்து, ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற மாதம் நீ போய் ஒரு வருடம்.

நாய் என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். ஒரு நாயோடு ஒரு கிழமை ஒரே காருக்குள் இருப்பேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்பதற்காகத்தான் அதற்கும் சம்மதித்தேன். நீ படிக்கவென்று ஸ்கொட்லாந்துக்குப் போய், அங்கே ஒரு சின்ன ஊரில் கடதாசி ஆலையில் வேலை எடுத்து, கல்யாணமும் கட்டாமல் இருந்துவிட்டாய். நான் அத்தானோடு ஒக்லாந்துக்கு வந்துவிட்டேன். அம்மாவும் ஐயாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபிறகு, உலகத்தின் இரண்டு தொங்கலில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

ஆலையை மூடப் போகிறார்கள் என்று நீ ஃபோனில் சொன்ன அன்றே, "இஞ்ச வந்திடு" என்றேன். நீயும் ஓமென்றாய். விசாவும் கிடைத்தது. பின்பக்க அறைக்குப் புதுக் கட்டில் போட்டு, ஹீட்டரும் வாங்கி வைத்தேன். ஆனால் நீ வரவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனாய். நான் நெருக்கிக் கேட்டபோதுதான் சொன்னாய்: உன்னிடம் ஒரு நாய் இருக்கிறது, வயதானது, இதயம் பலவீனம், அவ்வளவு தூரம் பிளேனில் தாங்காது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார் என்று. விசா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அத்தான், "நீ போய்க் கையோட கூட்டிக்கொண்டு வா" என்றார். இங்கே வெயில் எரித்துக்கொண்டிருந்த பெப்ரவரியில் நான் அந்தக் குளிருக்குள் வந்து இறங்கினேன்.

விமான நிலைய வாசலில் நீ அவளையும் கூட்டிக்கொண்டு நின்றாய். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, நரைத்த மூஞ்சி, ஒரு காது நிமிர்ந்து மற்றது மடிந்து. "அக்கா, இதுதான் செல்லம்," என்றாய். அயலில் எல்லாரும் அவளை ஷெல்லி என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னாய். நான் உனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன்.

"வடக்கில என்னோட வேலை செய்த மனிசன் ஒருத்தன் ஆட்டுப் பண்ணை வைச்சிருக்கிறான்," என்றாய் காரை எடுத்தபடி. "இவளைத் தான் பாக்கிறனெண்டு சொல்லிப்போட்டான். நேரா கொண்டுபோய் விட மனம் வரேல்லை. ஒரு கிழமை சுத்திக் காட்டிப்போட்டு விடுவம். இவளுக்கும் ஒரு ஹொலிடே."

"இந்தக் குளிருக்கையோ?"

"இவளுக்குக் குளிர்தான் விருப்பம்."

எனக்கு உன்னுடைய பழைய கோட் ஒன்றைத் தந்தாய். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பின் சீற்றில் செல்லத்துக்குக் கம்பளி விரித்தாய். அந்தச் சின்னக் காரில் நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம்.

எவ்வளவு வடிவான இடங்கள், தம்பி. ஏரிக்கரை ஓரமெல்லாம் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. செடியெல்லாம் செத்து மண்ணிறமான மலைகளின் தலையில் மட்டும் வெள்ளை. பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அதற்குள் தங்க இடம் தேடவேண்டும். வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்களின் பலகையைக் கண்டால் நீ இறங்கிப் போய்த் தட்டுவாய். கதவைத் திறப்பவர் முதலில் உன்னைப் பார்ப்பார். பிறகு காருக்குள் என்னைப் பார்ப்பார். கடைசியில் நாயைப் பார்த்து இல்லையென்று தலையாட்டுவார். ஒரு இடத்தில் மட்டும் ஒரு கிழவி எங்கள் இரண்டு பேரையும் குளிரில் நிற்கவிட்டு, செல்லத்தை முதலில் உள்ளே கூட்டிக்கொண்டு போய் அடுப்படியில் விட்டாள். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் காணவேயில்லை.

மத்தியானங்களில் தெருவோரம் காரை நிறுத்தி, டின் மீனில் நான் கொண்டுவந்த மிளகாய்த்தூளைத் தூவிப் பாணோடு சாப்பிட்டோம். அவளுக்கும் ஒரு துண்டு வைத்தாய். "தூள் போட்டதைக் குடுக்காதை," என்றேன். "இவள் யாழ்ப்பாணத்து நாய், அக்கா. நான் வளர்த்தது," என்றாய்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மலைப்பாதையில் பனி மூடி, றோட்டுக்குக் குறுக்கே கதவைப் போட்டு அடைத்துவிட்டார்கள். பனி வாருகிற வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். காரைச் சுற்றி வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. செல்லம் நடுங்கினாள். இரண்டு சீற்றுக்கும் இடையால் மெல்லத் தலையை நீட்டி, என் மடியில் வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தத் தலையின் பாரமும் சூடும் கோட்டைத் தாண்டி வந்தபோது, கத்த மறந்துபோனேன்.

"பயப்பிடாதை பிள்ளை, இப்ப வந்திடுவாங்கள்," என்றாய். எனக்குச் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்குச் சொன்னாய்.

"ஏன் நாயோட தமிழில கதைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"வேற ஆரோட கதைக்கிறது, அக்கா?"

நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய். "அந்த ஊரில வேற தமிழ் ஆக்கள் இல்லை. உன்னோட ஃபோனில கதைக்கிறது மாசத்தில ஒருநாள். கனவுகூட இங்கிலிஷில வரத் தொடங்கீற்று. அம்மா வந்து இங்கிலிஷில கதைக்கிறா, அக்கா. அந்தக் கனவு கண்டபிறகுதான் இவளைக் கொண்டுவந்தனான். வேலையால வந்து கதவைத் திறந்து, 'என்ன செல்லம், சாப்பிட்டனியோ?' எண்டு கேட்டா, எனக்கு வீட்டுக்கு வந்தமாதிரி இருக்கும்."

அவள் காதைத் தொட்டேன். வாழ்க்கையில் முதன்முதல் ஒரு நாயைத் தொட்டது அன்றுதான்.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்த நாள் வெயில் அடித்தது. உன் சிநேகிதர் சிவந்த முகமும் பெரிய கைகளுமாக வாசலுக்கே வந்துவிட்டார். செல்லத்துக்கு அடுப்புப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, புதுப் பாயும் போட்டு வைத்திருந்தார். அந்த மனிதரில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. முற்றத்தில் நின்று, "வா ஷெல்லி," என்று அவருடைய மொழியில் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. "இரு," என்றார். அவள் நின்றபடி உன் முகத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு இங்கிலிஷ் தெரியாது," என்றாய் வெட்கத்தோடு.

அவர் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் எனக்குச் சொல்லித்தா," என்றார். ஈரத் தரையில் முழங்காலூன்றி, அவள் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டார். நீ ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய். வா. இரு. பொறு. சாப்பிடு. அவர் அந்தக் கரகரத்த குரலில் திருப்பிச் சொன்னார். "பொறு" அவர் வாயில் "பரூ" என்று வந்தது. செல்லம் தலையைச் சரித்து, மிகவும் கவனமாகக் கேட்டாள். விளங்கிக்கொள்ளத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு எழும்பி வந்து, உன் சப்பாத்தின்மேல் ஏறி இருந்தாள்.

நீ சிரிக்கத் தொடங்கினாய். சிரித்துக்கொண்டே ஆட்டுப் பட்டிப் பக்கம் திரும்பி நின்றாய். உன் தோள்கள் குலுங்கியதைப் பார்த்தபிறகுதான் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போய், இறக்கி வைத்த அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துத் திரும்பவும் காருக்குள் வைத்தார்.

திரும்பி வரும் வழியில், "கோவமோ அக்கா?" என்று கேட்டாய்.

"இல்லை."

"அவள் போனபிறகு வாறன். கட்டாயம் வருவன்."

"ஓம்," என்றேன். எனக்குக் கோபமில்லை, தம்பி. உன்னைக் கட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டும் என்று ஆசை இருந்தது. ஆனால் அந்த முற்றத்தில் நின்ற யாராலும் வேறுமாதிரிச் செய்திருக்க முடியாது. விமானத்தில் என் பக்கத்துச் சீற் ஒக்லாந்து வரை காலியாகவே வந்தது. மங்கரே விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்த அத்தான் என் பின்னால் உன்னைத் தேடினார். "ஒரு நாய்க்காகவோ?" என்றார். "ஓம்," என்றேன். மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

விசா முடிந்துபோனது. செல்லம் இன்னும் இரண்டு மாரியைக் கண்டாள். "போயிட்டாள், அக்கா," என்று நீ ஃபோனில் சொன்னபோது, நான் இங்கே அடுப்படியில் நின்று ஒரு நாய்க்காக அழுதேன். நீயாகத்தான் கேட்டாய், "இப்ப வரலாமெல்லோ?" என்று.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து நீ வந்து இறங்கியபோது, உன் கோட்டுக்குள் ஆளே இல்லாதது போலிருந்தாய். இருமலைக் கேட்டால் குளிர் பிடித்தது என்றாய். இங்கே டொக்டர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது ஒரு இலையுதிர் காலமும் ஒரு குளிர் காலமும்தான். இரண்டு வருடம் முந்தி வந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை. நீ நினைத்தாயா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் அந்த மாதங்களில் நீ கதைத்த கதை! ஊற்று உடைத்தது போல. அத்தானோடு, கோயிலில் கண்ட மலேசியா ஆட்களோடு, பக்கத்து வீட்டு மதுரைப் பெடியனோடு. அவன் "ஆமாண்ணே, சொல்லுங்கண்ணே," என்று கேட்டுக்கொண்டே நிற்பான். எல்லாரையும்விட என் மகளோடு. அவள் இங்கே பிறந்தவள். நீ தமிழில் கேட்பாய், அவள் இங்கிலிஷில் பதில் சொல்வாள். "தமிழில சொல்லு," என்று நான் அதட்டினால், "விடு அக்கா, அவளுக்கு விளங்குதுதானே," என்பாய்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில், உனக்கு இங்கிலிஷ் விட்டுப்போனது. இருபது வருடம் அதிலேயே உழைத்துச் சாப்பிட்டவன், நேர்ஸ் எங்கே நோகிறது என்று கேட்டால் விளங்காமல் விழித்தாய். மகள் பள்ளிக்கூடம் போகாமல் கட்டில் பக்கத்தில் இருந்து, நீ சொன்னதை அவர்களுக்குச் சொன்னாள்.

அந்தக் கிழமையில் ஒருநாள் காலை நீ கண்ணைத் திறந்து அவளை வெகுநேரம் பார்த்தாய். ஆளைத் தெரியவில்லை. "நீ ஆற்ற பிள்ளை?" என்று கேட்டாய். யாருடைய பிள்ளை என்று, ஊரில் வழியில் கண்ட பிள்ளைகளை எல்லாரும் கேட்கிற அதே கேள்வி. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். நாக்கு மடங்காத அந்தத் தமிழில், சொல் சொல்லாகத் தேடி, "நான் உங்கட அக்கான்ர பிள்ளை, மாமா," என்றாள்.

"அப்ப சரி," என்றாய். நிம்மதியாகக் கண்ணை மூடினாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

அவள் இப்போதும் இங்கிலிஷில்தான் பதில் சொல்கிறாள். நான் அதட்டுவதில்லை. என்னிடம் இருப்பது உன்னுடைய அந்த "அப்ப சரி" மட்டும்தான். மனம் பொறுக்காத நாட்களில் உன் குரலில் அதை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் சரியாகத்தான் இருக்கிறது, தம்பி. இன்றைக்கு இல்லை.

அக்கா