பயப்படாத செந்நாரை

மார்ச் 2

கடைக்கு வந்த ஒரு அம்மா என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "கோழி எங்க இருக்குன்னு இதுல பார்த்துதான் வெட்டுவீங்களா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. மச்சினன்தான் அதிகமாகச் சிரித்தான். சிரிக்கட்டும். கையில் கத்தி, கழுத்தில் பைனாகுலர் என்றால் எவனுக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். வெட்டுகிறவனுக்குப் பறவைமேல் என்ன பாசம் என்கிறார்கள். ஒரு கழுத்துக்குள் எவ்வளவு உயிர் துடிக்கிறது என்று வெட்டுகிறவனுக்குத்தானே தெரியும்? இதை வெளியே சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "ஏங்க, அதைக் கழட்டி வெச்சிட்டு வெட்டுங்க. ரத்தம் தெறிக்குது."

மச்சினன் ஓட்டல் ஆர்டரை முடித்துவிட்டான். முழுக்கோழிக்குள் மசாலா அடைத்து வயிற்றைத் தைக்கும் வேலை. நீல நூல், குத்துக்கு ஒரு முடிச்சு. நான் கற்றுக்கொடுத்த தையல். இப்போது என்னைவிட வேகமாகத் தைக்கிறான். மாமியார் இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. என் மனைவிதான் வளர்த்தாள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. யாராவது விசாரித்தால், "மூத்தவன் இவன்தான், இளையவன் வந்துட்டே இருக்கான்" என்பாள். இருபது வருடமாக அதே பதில்.

நாளை முதல் வசந்தகாலக் கணக்கெடுப்பு. எங்கள் பறவைக் குழுவின் தலைவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஏரியின் வடகரையை எனக்குக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 6

செந்நாரை! அவசரத்தில் எழுத்து கோணுகிறது.

ஆள் அரவம் கேட்டாலே நாணலுக்குள் மறைந்துவிடும் பறவை அது. இத்தனை வருடத்தில் அதன் முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இன்று திறந்த நீரில், கல்லெறி தூரத்தில், நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கிறது. வேண்டுமென்றே இருமினேன். தலையை லேசாகத் திருப்பியது, அவ்வளவுதான். போகவில்லை.

தலைவருக்குப் போன் போட்டேன். கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "நாலு வருஷமா இங்க குப்பை அள்ளினோமே, அதுக்குக் கூலி இதுதான். பறவை நம்மள நம்ப ஆரம்பிச்சிடுச்சு" என்றார். கண் கலங்கியிருந்தார். நானும்தான்.

மார்ச் 8

கரையோரம் கயிறு கட்டினோம். 'அமைதி. இதைத் தாண்டாதீர்கள்' என்று பலகை வைத்தோம். பொழுது சாயும்வரை முறை போட்டுக் காவல் நிற்கப்போகிறோம்.

சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னேன். எப்போதும் போனைத் தடவிக்கொண்டே சாப்பிடுகிற மச்சினன் தலையைத் தூக்கினான். "கயிறை இன்னும் தள்ளிக் கட்டுங்க மாமா. பாவம், பயந்துடப் போகுது." என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன், ஒரு நாள் ஏரிப்பக்கம் வந்திருப்பானா? மனைவியைப் பார்த்தேன். பார்த்தீங்களா என் பிள்ளையை என்பது போல அவளும் பார்த்தாள்.

மறுபடி போய்த் தள்ளிக் கட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 15

ஞாயிறு. கரை முழுக்கக் கூட்டம். குழந்தைகள்கூட மூச்சு விடாமல் நின்றார்கள். எங்கள் குழுவில் வங்கி வேலையில் இருப்பவரை வங்கி மேடம் என்போம். தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "கண்ணை மூடிக்கிட்டுத் தியானம் பண்ணுது பாருங்க." எல்லோரும் ரசித்தோம். எல்லோருமே.

சாயங்காலம் அதன் பக்கத்தில் இன்னும் நாலைந்து நாரைகள் வந்து இறங்கின. துணை தேடி வந்திருக்கின்றன. கூடு கட்டினால் இந்த ஏரியைத் தொட எவனுக்கும் தைரியம் வராது.

மார்ச் 17

ஞாயிறு இறங்கியவை மறுநாளே போய்விட்டன. நேற்று இறங்கியவற்றையும் காலையில் காணோம். இடம் பிடிக்கவில்லையோ? இது மட்டும் அதே இடத்தில். ஒரு மீன்கூடப் பிடித்து நான் பார்க்கவில்லை. கேட்டதற்குத் தலைவர், "நம்ம முன்னாடி சாப்பிடக் கூச்சமா இருக்கும்" என்கிறார்.

மார்ச் 21

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் யாரையாவது கொன்றுவிடுவேன்.

காலையில் சேற்றுப்பருந்து ஒன்று தாழ்வாக வந்தது. ஏரியே எழும்பியது. செந்நாரையும் இறக்கையை விரித்து எழுந்தது — எழுந்த வேகத்தில் யாரோ காலைப் பிடித்து இழுத்தாற்போல முகம் குப்புற விழுந்தது. நான் கயிற்றைத் தாண்டினேன். "தாண்டாதீங்க! பயந்துடும்!" என்று தலைவர் பின்னாலிருந்து கத்துகிறார். இடுப்பளவு தண்ணீரில் போனேன்.

காலில் நைலான் கயிறு. அதன் மறுமுனை தண்ணீருக்கடியில் அடித்த முளையில். முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணும் தைக்கப்பட்டிருந்தன. மேல் இமையும் கீழ் இமையும் சேர்த்து. சீழ் கட்டி நூலோடு ஒட்டிப்போயிருந்தது.

அது எங்களை நம்பவில்லை. அதற்கு எங்களைத் தெரியவே தெரியாது. மற்ற பறவைகள் இது நிற்பதைப் பார்த்து, பயமில்லை என்று நம்பி இறங்கியிருக்கின்றன. பின்னால் நாணலுக்குள் வலை. ராத்திரியில் வந்து இதற்கு மீன் ஊட்டி உயிரோடு வைத்துவிட்டு, சிக்கியதை எடுத்துப் போயிருக்கிறான். நாங்கள் கயிறு கட்டி, பலகை வைத்து, காவலும் காத்திருக்கிறோம் — எவனோ ஒருவனுடைய வலைக்கு!

வலையில் தொங்கியவற்றில் பாதிக்கு உயிர் இருந்தது. ஒரு கொக்கின் இறக்கை தோளோடு பிய்ந்து தோலில் ஆடியது. ஒன்று உதறி உதறித் தன் காலையே முறித்துக்கொண்டிருந்தது. தலைவர் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வங்கி மேடம் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நீங்க... நீங்கதான் பண்ணணும்" என்றார். ஆமாம், நான்தானே கசாப்புக்காரன். தேறாது என்று தெரிந்தவற்றின் கழுத்தை ஒவ்வொன்றாகத் திருகினேன். அறுத்துச் சலித்த கைதான். இன்றைக்கு வரவே மாட்டேன் என்றது.

நாரையை மடியில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். வழியில்தான் நூலைச் சரியாகப் பார்த்தேன். நீல நூல். குத்துக்கு ஒரு முடிச்சு.

கடைக்குப் போகிறேன்.

மார்ச் 29

இடது கையால் எழுதுகிறேன். வலது முழங்கை உடைந்து கட்டுப்போட்டிருக்கிறது. மனைவி இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று கடைக்குப் போனதும் ஷட்டரை இறக்கினேன். "ஏன் மாமா மூடுறீங்க?" என்று மச்சினன் கேட்டான். கேட்ட வாயிலேயே அறைந்தேன். பல் என் விரலைக் கிழித்தது. சட்டையைப் பிடித்து ஃப்ரீசரில் மோதினேன், திரும்பத் திரும்ப. அவன் திருப்பி அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாமா, கேளுங்க மாமா, எனக்குன்னு ஒரு தொழில் வேணாமா" என்றான். "அதுக்குக் கண்ணைத் தைப்பியாடா நாயே?" என்றேன். அப்போதுதான் அவனும் கத்தினான்: "வெறும் பறவை மாமா! நீங்க ஒரு நாளைக்கு எத்தனை கழுத்தை அறுக்குறீங்க!"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்து, வெட்டுமரத்தில் கன்னத்தை வைத்து அழுத்தினேன். மேசையில் அவன் ஊசி இருந்தது. நூல் கோத்தே இருந்தது.

நான் மிரட்டத்தான் எடுத்தேன் என்று எழுதலாம். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் இல்லை. மிரட்ட எடுக்கவில்லை. தைக்கத்தான் எடுத்தேன். இமையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினேன். ஒரு குத்து ஏறியது. அவன், "அக்கா" என்று அலறினான். இருபத்தாறு வயதுக்காரன், ஆறு வயதுக் குரலில்.

பின்வாசல் வழியாக அவள் எப்போது வந்தாள் என்று தெரியாது. ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கி என் முழங்கையில் போட்டாள். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் தரையில் கிடக்கிறேன். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இமையிலிருந்து ஊசியை உருவுகிறாள்.

"இந்தக் கண்ணுக்கு மருந்து ஊத்தி வளர்த்தவ நான்டா" என்றாள். என்னை 'டா' போட்டாள். கல்யாணமானதிலிருந்து முதல்முறை.

அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 2

தலைவரும் வங்கி மேடமும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். விஷயம் எப்படியோ பரவியிருக்கிறது. "நீங்க பண்ணது கொஞ்சம்தான்" என்றார் தலைவர். ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிற மனிதர். மேடம், பூச்சியைக்கூடப் பேப்பரில் ஏந்தி வெளியே விடுகிறவர், மெதுவான குரலில், "இன்னொரு கண்ணையும் சேர்த்துத் தெச்சிருக்கணும்" என்றார்.

எழுந்து வாசலைக் காட்டினேன். "போங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க." பழத்தையும் கையில் திணித்து அனுப்பினேன்.

ஏப்ரல் 5

மருத்துவர் போன் செய்தார். நாரைக்கு ஒரு கண் போய்விட்டதாம். மற்றதைக் காப்பாற்றிவிட்டார். "கண் திறந்த உடனே என் கையைக் குத்திக் கிழிச்சிடுச்சுங்க!" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். ஒற்றைக் கண்ணால் மீன் இருக்கும் தூரம் தெரியாது, ஏரியில் விட முடியாது என்றும் சொன்னார்.

மச்சினன் கண் என்ன ஆயிற்று? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 9

மச்சினன் தானாகவே வனத்துறை அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். அதிகாரிகளைக் கூட்டிப்போய் எல்லா வலையையும் காட்டியிருக்கிறான். வாங்கி விற்கிறவர்களின் பெயரையும் சொல்லிவிட்டான். இமையில் என்ன காயம் என்று அதிகாரி கேட்டதற்கு, முள்கம்பி கிழித்துவிட்டது என்றானாம். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பார்வை தப்பியதற்கா, முள்கம்பி என்று சொன்னதற்கா?

ஏப்ரல் 10

போலீஸ் நிலையத்துக்குப் போனேன். "முள்கம்பி இல்லைங்க, நான்தான்" என்றேன். ஆய்வாளர் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "பாதிக்கப்பட்டவன் புகார் தரலை. அவன் அக்காவும் தரலை. குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும். போய் வேலையைப் பாருங்க." ஒரு டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அடி வாங்கியது போல இருந்தது.

ஏப்ரல் 26

வலையெல்லாம் எடுத்த பிறகு நாணலுக்குள் செந்நாரைகள் கூடு கட்டியிருக்கின்றனவாம். தலைவர் சொல்லியனுப்பினார். ஆளைக் கண்டதும் பறந்துவிடுகின்றனவாம். நல்லது. நான் போகவில்லை.

மே 3

வந்துவிட்டாள். நாலு நாள் ஆகிறது. மச்சினன் ஜாமீனில் வந்து தனியாக அறை எடுத்திருக்கிறான். "அவனுக்குச் சாப்பாடு நான்தான் கொண்டுபோவேன். அதைப் பத்திப் பேசக்கூடாது" என்றாள். சரி என்றேன். "இது என் வீடும்தான்" என்றாள். அதற்கும் சரி என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கை சரியாகட்டும், கடை கெடக்குது" என்று பேச்சை மாற்றிவிட்டாள். பழையபடி பேசுகிறாள், எனக்குத் தட்டு வைக்கிறாள். நேற்று ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். எல்லாம் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

இன்று காலை கோழி உரித்துக்கொண்டிருந்தாள். புருவத்தில் பஞ்சு போல ஒரு தூவி ஒட்டியிருந்தது. இத்தனை வருடமாக எடுத்துவிடுவதுதானே என்று யோசிக்காமல் கையை நீட்டினேன்.

கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

நான் கையை இறக்கிக்கொண்டேன். வாடிக்கையாளர் யாரோ கூப்பிட்டார். போய் என்ன வேண்டுமென்று கேட்டேன்.