பேசி முடிக்கும்வரை ஒரு ஸ்வரம்

மெம்பிஸ்,
புதன்கிழமை

கோர்டெல் பிவென்ஸுக்கு,

இருபத்தேழு வருடம் நான் உனக்கு எழுதாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். 'அன்புள்ள' என்று தொடங்க இன்னும் மனம் வரவில்லை. அதை நீயே கவனித்திருப்பாய்.

முதலில் ஊர்ச் செய்தி. போன மாதப் புயலில் நம் தேவாலயத்தின் கூரை ஒழுகத் தொடங்கிவிட்டது. உன் அக்கா லவேடா பாடகர் குழுவை இன்னும் விரட்டி வேலை வாங்குகிறாள். நான் அதே பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என் வலது கையின் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை.

அந்த விரல்களை நான் மறக்கவில்லை. உன் முதல் பாட்டு வானொலியில் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. ஒத்திகை முடிந்து நாம் வந்த காரைப் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். காரின் கதவை என் கையோடு சேர்த்துச் சாத்தியபோது நீ மூன்றடி தூரத்தில் நின்றாய். நிருபர்கள் கேட்டதற்கு, "நான் பாடகன், எனக்குப் பாடத்தான் தெரியும்" என்றாய். நீ சாட்சி சொல்ல வராததால் போலீஸ்மேல் நான் போட்ட வழக்கு தோற்றது. மறு மாதமே உன் குழுவில் என் இடத்துக்கு வேறொரு ஆர்கன்காரனைச் சேர்த்துக்கொண்டு ஊரை விட்டுப் போனாய். உன் இசைத்தட்டு ஒன்றைக்கூட நான் வாங்கியதில்லை.

ஞாயிறன்று நீ விருது வாங்கிய விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்ததுகூட லவேடாவின் தொல்லையால்தான். விருதைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல், அந்தக் கதவைப் பற்றிப் பேசினாய். "அன்னைக்கு என் பாட்டு போயிடுமேன்னு பயந்து வாயைப் பொத்திக்கிட்டேன். இன்னைக்கும் அதே ரோட்டுல நம்ம கறுப்பு ஜனங்களோட வண்டியைத்தான் நிறுத்துறாங்க" என்றாய். பிறகு என் பெயரை, என் அப்பா பெயரோடு முழுசாகச் சொன்னாய். அங்கே உன் குரல் உடைந்தது.

உன் பேச்சை மூழ்கடித்து உன்னை மேடையிலிருந்து இறக்க விழாக்காரர்கள் வாத்தியங்களை முழங்கவிட்டார்கள். ஆர்கனில் இருந்த நரைமுடிக்காரி மட்டும் அவர்களோடு சேரவில்லை. நம் ஆலயத்தில் எழுந்து நின்று கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்பவர் அழுது தடுமாறினால் ஆர்கன் என்ன செய்யுமோ, அதைச் செய்தாள். உன் குரலுக்கு அடியில் ஒரே ஸ்வரத்தைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு, நீ முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். அவள் நம் ஜனம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில் வளர்ந்தவள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் சமையலறை மேசைமேல் அதே ஸ்வரத்தை எட்டு விரல்களால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சலூனில் வேறு பேச்சே இல்லை. கடைக்கார ஐசம், "வாத்தியாரே, உன் கூட்டாளி வாயைத் தொறந்துட்டான்! இருபத்தேழு வருஷமா பல்லு வலி போல!" என்று கத்தினான். கடையே சிரித்தது. நாற்காலியில் இருந்த ஒருவன், "மாளிகையில உக்காந்துக்கிட்டு யாரு வேணா பேசலாம்" என்றான். "பேசாதப்பவும் அவன் அந்த மாளிகையிலதான்டா இருந்தான். இப்பதான் அது போகப்போகுது" என்றேன். உனக்காக நான் வாதாடியதைக் கேட்டு ஐசம் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமைக்குள் நீ அந்தப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்காவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக உன் இசைத்தட்டு நிறுவனம் அறிவித்திருக்கிறது. கோர்டெல், கேட்காதே. நான் உன்னை மன்னித்துவிட்டதாகவும் நினைத்துக்கொள்ளாதே, அது வேறு விஷயம். ஆனால் என் வகுப்பில் திங்கட்கிழமை ஒரு மாணவி, "அந்த ஆள் உங்களோட வாசிச்சவரா, சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வார்த்தையை நிமிர்ந்து நின்று சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் அப்படியே சொல்ல விடு.

நீ எதைச் சொன்னாலும், அன்று இந்த மேசையில் எட்டு விரல்கள் உனக்கு அடியில் இருக்கும். கர்த்தர் உன் குரலைத் தாங்கட்டும்.

இந்த வாரம் உனக்குப் பெயரில்லாத கடிதங்கள் மூட்டை மூட்டையாக வருவதாகவும், எல்லாம் வசவு என்றும் லவேடா சொன்னாள். அவற்றில் ஒன்றாவது வேறு மாதிரி இருக்கட்டும். என் பெயரை நாடே கேட்கும்படி நீ சொல்லிவிட்டாய். நான் அதை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. கையெழுத்தில்லாமல் இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.