உனக்குத் தெரியாத ஆளின் முத்துகள்

மனிஹிக்கி
9 மே 1995

அன்புள்ள தெரெயாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாதான் தினமும் ஒரு தடவை, "மருமகனே, நாப்பது வயசுல அவளுக்கு ரரொடோங்கா போய் நர்சுப் படிப்பு எதுக்கு? நீ சுடுற மீனை என்னால தின்ன முடியல" என்று புலம்புகிறார். நான் அடுத்த மீனைத் திருப்பிப் போடுகிறேன்.

ரேடியோ போனில் பேசினால் ஊரே கேட்கும். அதனால்தான் கடிதம். நம் முத்துப் பண்ணையில் ஓர் ஆள் இருக்கிறான். உனக்குத் தெரியாத ஆள். அவனுக்கு ஆண்குறியில், மொட்டின் விளிம்பைச் சுற்றி, பொடிப் பொடியாக வெள்ளைப் பருக்கள் வரிசை கட்டி இருக்கின்றனவாம். சிப்பி திறந்த கையோடு ஒதுங்கப் போனதில் ஓட்டுத் தூள் உள்ளே போய்விட்டது என்கிறான். சிப்பிக்குள் மணி வைத்தால் மாதா மாதம் பூச்சு ஏறி முத்தாகிறதே, அதுபோல இதற்கும் ஏறுமாம். முத்து முற்றுகிற பதினெட்டு மாதத்தில் என்ன பருமன் வரும் என்று யோசித்து யோசித்து இளைத்துவிட்டான். சிரிக்காதே. ஆஸ்பத்திரியில் யாரிடமாவது கேட்டு எழுது.

பக்கவாட்டில் சிவப்பாக ஒரு தடிப்பும் உண்டு. அது ஈர நிக்கர் உராய்ந்த காயம். இரண்டு மாதமாக இருக்கிறது, துடைத்தால் லேசாக ரத்தம் கசியும், ஆனால் வலி கிடையாது. அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. கேட்கும்போது ஆள் யோக்கியன் என்பதையும் சொல்லிவிடு.

உன்
தெமு


ரரொடோங்கா
19 மே 1995

அன்புள்ள கணவருக்கு,

நவம்பரில் படிப்பு முடிந்து நானே வந்து மீன் சுடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஆளைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "மனுஷன் சிப்பி இல்லம்மா. விளிம்புல ஒரே அளவா, வழவழன்னு வரிசையா இருந்தா அது உடம்பு வாகு. வயசுக்கு வந்த நாள்லேர்ந்தே இருந்திருக்கும். அவர் இப்பதான் குனிஞ்சு பார்த்திருக்கார்" என்றார். அழுக்கால் வருவதில்லை, பெண்டாட்டிக்கு ஒட்டாது, மருந்தும் வேண்டாம். தோலில் மஞ்சளாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் அதுவும் வெறும் எண்ணெய்ச் சுரப்பிதான். வேடிக்கை என்னவென்றால் டாக்டர்களின் புத்தகத்திலேயே அந்த வரிசைக்கு முத்துப் பரு என்றுதான் பெயர். நோண்டாமல் இருக்கச் சொல்லுங்கள்.

ஆனால் கவலை இல்லை என்று எழுதினீர்களே, அந்தத் தடிப்புதான் விஷயமே. "வலிக்கலைன்னா நல்லதுன்னு யார் சொன்னது?" என்று டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்று நான்கு வாரமாகியும் ஆறாத புண், கெட்டியாகிற தடிப்பு, தானாக ரத்தம் கசிவது, காலிபிளவர் மாதிரி கொத்தாகக் கிளம்புவது, எதுவானாலும் ஆள் நேரில் வந்தாக வேண்டுமாம். பெண் சகவாசத்தால் வந்த நோயாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். தயவுசெய்து அவரை அடுத்த விமானத்தில் அனுப்புங்கள்.

உங்கள்
தெரெயா


மனிஹிக்கி
2 ஜூன் 1995

அன்புள்ள தெரெயாவுக்கு,

நண்பன் வர மாட்டேன் என்கிறான். இது முத்தெடுக்கும் காலம். உன் கடிதம் வருவதற்கு முன்பே மணி வைக்கும் ஊசியால் ஒரு பருவைக் கீறிப் பார்த்திருக்கிறான். முத்து வரவில்லை, ரத்தம்தான் வந்தது. இரண்டு நாள் காலை அகட்டி நடந்தான். தேவாலய வாசலில் டீக்கன் மொக்கோஹா, "என்னப்பா, நீ நண்டைப் பிடிச்சியா, நண்டு உன்னைப் பிடிச்சுதா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்.

உண்மையான தயக்கம் வேறு. ஜனவரியில் மணி வைக்கும் வேலை பழக அவன் பப்பேத்தே பட்டணத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கினான். அங்கே தப்புத்தண்டா எதுவும் நடக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு புண்ணோடு போய் நின்றால் அவன் பெண்டாட்டி நம்புவாளா? பத்தொன்பது வருடக் குடித்தனம். புண்ணுக்குக்கூட அவன் பயப்படவில்லை, அவள் முகம் மாறிவிடுமோ என்றுதான் பயம். நீயாக இருந்தால் நம்புவாயா?

உன்
தெமு


ரரொடோங்கா
9 ஜூன் 1995

தெமு,

ஐந்நூறு பேர் இருக்கிற தீவில் எனக்குத் தெரியாத ஆள் எவன்? ஜனவரியில் பப்பேத்தே போனது இரண்டே பேர், நீங்களும் டீக்கனும். டீக்கனுக்கு எழுபத்தோரு வயது. உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்லட்டும் என்று கூடவே ஆடினேன். இனி முடியாது.

நம்புவதும் நம்பாததும் டாக்டர் பார்த்த பிறகு. இந்தக் கடிதம் வரும் விமானம் திரும்பும்போது அதில் நீங்கள் இருக்க வேண்டும். முத்தெடுப்பை என் தம்பி பார்த்துக்கொள்வான். அவனிடம் பல்வலி என்று சொல்லிக்கொள்ளுங்கள். வராவிட்டால் ரேடியோ போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஊர் கேட்கப் பேசுவேன்.

தெரெயா


ரரொடோங்கா
28 ஜூலை 1995

அன்புள்ள கணவருக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த மறு வாரமே ஆக்லாந்து சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. வெட்டி எடுத்தது தொடக்க நிலைப் புற்றுதான். ஆனால் மேல்தோலோடு நின்றுவிட்டது. ஓரமெல்லாம் சுத்தம், மிச்சம் எதுவும் இல்லை. "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா பேச்சே வேற" என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். முழுதாக ஆறும்வரை காயலில் இறங்காதீர்கள். வரிசையில் இருக்கிற முத்துகள் பாட்டுக்கு இருக்கட்டும்.

பத்து நாள் என் பக்கத்தில் இருந்தீர்கள். நம்புவாயா என்ற கேள்வியை நீங்கள் திரும்பக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பப்பேத்தே என்று படித்ததும் நான் நம்பவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உங்களை என்னென்னவோ திட்டினேன்.

அறுவைக்கு முதல் நாள் உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சகவாச நோய் எதுவும் இல்லை. தலைமை நர்ஸ் என் தோளில் தட்டி, "பாத்தியா, உன் புருஷன் தங்கம்" என்றாள். நான் போர்வை அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. பப்பேத்தேயில் ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன். இருந்திருந்தால் இந்தப் புண் புற்றாக இல்லாமல் சகவாச நோயாக இருந்து ஓர் ஊசியோடு போயிருக்கும். உங்களைத் திட்டிக்கொண்டே இன்னும் முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருப்பேன். அப்படி ஒருத்தி இருக்க வேண்டும் என்று நான் கடவுளிடமே கேட்டேன், தெமு.

இப்போது ஒருத்தியும் இல்லை, புற்றும் இல்லை. திட்டுவதற்குத்தான் இனி வேறு ஏதாவது தேட வேண்டும்.

உங்கள்
தெரெயா