சிவப்பு சிப் பொருத்திய கார்களை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
நிலானி த/பெ தம்பு,
செம்பாக்கா அடுக்குமாடி, மூன்றாம் மாடி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வாகனப் பாதுகாப்புப் புகார் பிரிவு,
கோலாலம்பூர்.

பொருள்: கிள்ளான் பட்டறை ஒன்றில் விற்கப்பட்ட ‘சிவப்பு சிப்’ பொருத்திய கார்களை உடனே அடையாளம் கண்டு நிறுத்துவதும், அவற்றின் உரிமையாளர்களை எச்சரிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் நடந்த சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில், யாராவது தமிழில் எழுதினால் தாங்களே வாசிப்பதாகச் சொன்னீர்கள். அந்த வார்த்தையை நம்பி இதைத் தமிழில் எழுதுகிறேன். மலாய்ப் பிரதியும் உடன் இருக்கிறது. எது முதலில் கைக்கு வருகிறதோ அதை இன்றே படிக்க வேண்டுகிறேன். காத்திருக்க முடியாத விஷயம் இது.

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். என் தந்தை ஓட்டிய பழைய காரை இப்போது நான் ஓட்டுகிறேன். அதன் எஞ்சின் பழுதானபோது ஒரு ஹாஃப்கட் கடையில், அதாவது ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் பழைய கார்களை விற்கும் கடையில், வேறு எஞ்சின் வாங்கிப் பொருத்தினேன். எஞ்சின் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் அதன் பெட்ரோல் தெளிப்பான்கள் பழையவற்றைவிடப் பெரியவை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு அது தெரியாததால், அது முன்போலவே கணக்குப் போட்டுப் பெட்ரோலை அள்ளி ஊற்றியது. கறுப்புப் புகை வந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் கார் நின்றது. காட்டிய மெக்கானிக்குகள் எல்லாரும் காரை விற்றுவிடச் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்த வேலை சர்க்யூட் பலகை. ஆகவே அந்தக் கணினிப் பெட்டியைக் கழற்றி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். எஞ்சினுக்கான கணக்குகள் எழுதப்பட்டு உள்ளே பற்றவைக்கப்பட்டிருந்த சிப்பை எடுத்துவிட்டு, சிப்புகளைச் செருகவும் கழற்றவும் தோதாக அந்த இடத்தில் ஒரு சாக்கெட்டைப் பற்றவைத்தேன். கார் தயாரித்தவர்கள் அந்தச் சிப்பில் எழுதியிருந்த மூலப் பதிவைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டேன். பிறகு, தெளிப்பான்கள் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தும், தீப்பொறி விழும் நேரத்தைச் சற்று முன்னே நகர்த்தியும், புதிய சிப்புகளில் எழுதி எழுதிச் சோதித்தேன். பல வார இறுதிகள் அதிலேயே போயின. கடைசியில் ஒரு நாள் பங்சார் மேட்டில் கார் ஒரு தடவைகூட இருமாமல் ஏறியது. தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த வகைச் சிப்பின் மேல் ஒரு சிறு கண்ணாடிச் சன்னல் உண்டு. வெளிச்சம் பட்டால் எழுதியது நாளடைவில் அழிந்துவிடும் என்பதால் அதை மூடி வைக்க வேண்டும். கையில் கிடைத்த சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டி மூடினேன். அந்தச் சிவப்புக்கு வேறு பொருள் எதுவும் கிடையாது. இதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில், கியர்பெட்டி வேலைக்காகக் காரைக் கிள்ளானில் சுகுமாறன் என்பவரின் பட்டறையில் விட்டிருந்தேன். அவர் தற்செயலாகக் கணினிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, “என்னா மிஸ், உள்ள சாக்கெட்லாம் போட்டிருக்கீங்க? பவர் சிப்பா?” என்று கேட்டார். “பவரும் இல்ல ஒன்னும் இல்ல. இந்த எஞ்சினுக்கு மட்டும் எழுதினது. வேற கார்ல போட்டா எஞ்சின் போயிடும்” என்று சொன்னேன். அவர் சிரித்தார். மறுநாள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு நாளில் அவர் என் சிப்பைக் கழற்றிப் பிரதி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தெரியவந்தது லோகன் என்பவர் மூலமாக. அவர் கிள்ளானைச் சேர்ந்தவர், ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் கதவைத் தட்டினார். என் தாயார் திறந்ததும் உள்ளே வந்து, கையிலிருந்த கணினிப் பெட்டியை மேசைமேல் சத்தம் வரும்படி வைத்தார். “சிவப்பு சிப் செய்ற ஆளு நீங்கதானே? சுகுமாறன் சொன்னாரு. என் வைஃப் ஆஸ்பிட்டல்ல கெடக்குறா. என்னா பண்ணி வச்சிருக்கீங்க?” என்றார். என் தாயார் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

நடந்தது இதுதான். சுகுமாறன் லோகனின் காரிலும் சாக்கெட் வைத்து, “ரேஸ் சிப்பு பாஸ், சும்மா பறக்கும்” என்று சொல்லி ஒரு சிப்பைப் பொருத்தியிருக்கிறார். கார் முன்னைவிட விறுவிறுப்பாக ஓடியிருக்கிறது. பெந்தோங்கில் உறவினர் திருமணத்திற்காக லோகனும் அவர் மனைவி உஷாராணியும் காராக் நெடுஞ்சாலையில் சென்றிருக்கிறார்கள். மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் கல்லைப் போட்டு உலுக்குவதுபோல் சத்தம் கேட்டதாம். அடுத்த கணம் எஞ்சின் இறுகிப்போய், கார் நடுச்சாலையிலேயே குறுக்காகத் திரும்பி நின்றுவிட்டது. பின்னால் வந்த லோரி இடப்பக்கத்தில் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் உஷாராணி. அவருடைய தொடை எலும்பு முறிந்துவிட்டது.

நான் அவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த சிப்பின்மேல் என்னுடையதைப் போலவே சிவப்பு ஒட்டுத்தாள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. சிப்பைப் படிக்கும் கருவியில் வைத்து, என் பதிவோடு ஒப்பிட்டேன். லோகன் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த எண்கள் புரியாது. வேறு யாரோ எழுதியது என்று நான் சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். அப்படிச் சொல்ல நா எழவில்லை. “இது நான் எழுதினதுதான். ஆனா உங்க காருக்கு எழுதினது இல்ல” என்றேன்.

அவருடையதும் என் காரின் மாடல்தான். ஆனால் எஞ்சின் மாற்றப்படாததால் அதன் தெளிப்பான்கள் சிறியவை. என் கணக்கு அவற்றுக்குப் போதாது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது காரில் புகையை அளந்து பெட்ரோலைத் திருத்தும் உணரி பற்றாக்குறையை ஓரளவு சரிக்கட்டிவிடும். எஞ்சினுக்குப் பாரம் கூடும்போது அது கைகொடுக்காது. பெட்ரோல் குறைந்து, தீப்பொறியும் முந்தி விழுவதால் உள்ளே சூடு ஏறிப் பிஸ்டன் உருகத் தொடங்கும். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் தாயார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துவிட்டு லோகன் கேட்ட கேள்விதான், ஐயா, நான் தங்களுக்கு எழுதக் காரணம்.

“அப்போ மத்த கார்லாம்?”

அன்றே இருவரும் சுகுமாறனிடம் போனோம். அவர் ஒரு காரின் அடியில் படுத்திருந்தார், எழுந்து வரவில்லை. “ஏன் மிஸ் டென்ஷன் ஆவுறீங்க? அவரு மேட்டுல ஏர்கோன் போட்டு அழுத்தியிருப்பாரு. மத்த கஸ்டமர் கார்லாம் நல்லாத்தான் ஓடுது லா” என்றார். யார் யாருக்குப் பொருத்தினார் என்று கேட்டதற்கு, “அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா” என்றார். புகார் செய்யப் போவதாகச் சொன்னேன். அப்போதுதான் எழுந்து வந்தார். “போய்ச் சொல்லுங்க. செஞ்சது நீங்க. முதல்ல உள்ள போறதும் நீங்கதான்” என்றார். மறுவாரம் போய்ப் பார்த்தபோது பட்டறையின் இரும்புக் கதவு இறக்கிப் பூட்டியிருந்தது.

அதன்பின் எனக்குத் தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் வருகின்றன. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் என் காரையும் அதன் எண்பலகையையும் படம் எடுத்துக்கொண்டு போனதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள். என் தாயார் இப்போது பகலிலும் இரும்புக் கதவைப் பூட்டியே வைக்கிறார். இதுகுறித்துத் தனியாகக் காவல்துறையில் புகார் செய்துள்ளேன்.

எங்கள் இருவருடைய அதே மாடல் கார் வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் லோகன் எச்சரிக்கை எழுதினார். பலர் கேலி செய்தார்கள். ஒருவர் மட்டும் அழைத்தார். அவர் பெயர் பழனியப்பன். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை ஊழியர், தினமும் உடன் வேலை செய்பவர்களையும் காரில் ஏற்றிச் செல்பவர். தொழிற்சாலைப் பக்கத்தில் அவரைச் சந்தித்தோம். “காடி இப்பத்தான் நல்லா இழுக்குது. இதைப் போய் ஏன் மாத்தச் சொல்றீங்க?” என்று மறுத்தார். நான் எஞ்சினிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வெள்ளைப் பீங்கான்மேல் வெள்ளி நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. “இது என்னா?” என்றார். “உங்க பிஸ்டன்” என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, “இன்னிக்கு நீங்க பஸ் பிடிச்சிப் போங்கடா, காடி எடுக்கல” என்று நண்பர்களிடம் சொன்னார். அங்கேயே அவருடைய சிவப்பு சிப்பைக் கழற்றி, நான் சேமித்து வைத்திருந்த மூலப் பதிவை எழுதிய சிப்பைப் பொருத்திக் கொடுத்தேன். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவருக்குத் தெரிந்து சுகுமாறனிடம் சிப் போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டறையில் தமக்கு முன்னும் பின்னும் கார்கள் காத்திருந்ததை அவரே பார்த்திருக்கிறார். அவர்கள் பெயர் அவருக்குத் தெரியாது. ஒரு காரின் பின்சீட்டில் குழந்தை இருக்கை இருந்தது மட்டும் நினைவிருப்பதாகச் சொன்னார்.

இந்த நிலையில்தான் தங்கள் அலுவலக முகப்புக்கு வந்தேன். அங்கிருந்த அலுவலர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அனுமதியின்றி எஞ்சின் கணினியை மாற்றியது என் தவறு என்றும், முதலில் அதற்கான விசாரணை நடக்கும் என்றும் சொன்னார். மற்றக் கார்களைப் பற்றிக் கேட்டேன். அந்தந்த உரிமையாளர்கள் வந்து புகார் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார். அவர்களுக்குத் தங்கள் காரில் இருப்பது என்னவென்றே தெரியாது, எப்படிப் புகார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் அதே விதியைத் திரும்பச் சொன்னார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு இருக்கும் அதிகாரம் அவ்வளவுதான். தங்களுக்கு இருப்பது அதைவிடப் பெரியது என்பதால் தங்களிடம் வருகிறேன்.

என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுங்கள். அழைக்கும் நாளில் வருவேன். என் காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். அதன் கணினிப் பெட்டியையும், என் சிப்பையும், லோகன், பழனியப்பன் ஆகியோரின் கார்களிலிருந்து எடுத்த சிப்புகளையும் இம்மனுவோடு ஒப்படைக்கிறேன். எந்த வல்லுநரிடமும் கொடுத்துச் சோதிக்கலாம். ஆனால் அந்த விசாரணை முடியும்வரை மற்றக் கார்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். சுகுமாறனைக் கண்டுபிடித்து, அவர் தொலைபேசியிலிருந்து அந்த வாடிக்கையாளர்களின் எண்களைப் பெறத் தங்களால் முடியும். கிள்ளானில் காரின் கணினிப் பெட்டியில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிய சிப் போட்டவர்கள் வண்டியை எடுக்க வேண்டாம் என்று வானொலியிலும் நெடுஞ்சாலைப் பலகைகளிலும் எல்லா மொழிகளிலும் அறிவிக்கத் தங்களால் முடியும். தாங்கள் குறிப்பிடும் பட்டறையில், தங்கள் அலுவலர் முன்னிலையில், வரும் ஒவ்வொரு காருக்கும் மூலப் பதிவைத் திரும்ப எழுதிப் பொருத்தித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். உஷாராணிக்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. மீண்டும் நடப்பார், ஆனால் வெகு காலம் ஆகும் என்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவர் என்னைக் கிட்டே வரச் சொன்னார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். “என்னோட கால விடுங்க. மத்த கார்ல லெஃப்ட் சைடுல யாரு உட்காந்திருக்காங்களோ, அவங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போகும்போது வேறு பதில் சொல்ல வேண்டும், ஐயா. இன்று மாலை வேலை விட்டு வீடு திரும்பும் நெரிசலில் அந்தக் கார்களும் இருக்கும்.

எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்று,

(கையொப்பம்)
நிலானி தம்பு

உடனிருந்து கண்டவற்றுக்குச் சாட்சியாக,

(கையொப்பம்)
லோகன், கிள்ளான்

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
நாள்: 12 ஆகஸ்ட் 2024