தாளில் அடித்துவிட்ட வரி

11 ஜூன் 2024, செவ்வாய்

ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைக்கப்போகிறேன்.

என் வலது நெஞ்சிலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. உள்ளே கழுத்து நரம்பு வழியாக இதயத்தின் வாசல் வரை போகிறது. வெளியே இரண்டு வால். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீலம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பிரிக்ஃபீல்ட்ஸ் சிறுநீரகச் சிகிச்சை மையத்தில் என்னை இயந்திரத்தில் மாட்டுவது இதன் வழியாகத்தான். நான்கு மணி நேரத்தில் இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்து நிரந்தர வழி செய்ய அரசாங்க மருத்துவமனையில் பெயர் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை. அதுவரை இந்தக் குழாய்தான் என் உயிர். "நனையக் கூடாது, நாங்க தவிர யாரும் தொடக் கூடாது. கிருமி போச்சுன்னா நேரா இரத்தத்துக்குத்தான் போகும்" என்று முதல் நாளே தலைமைத் தாதி அமுதவள்ளி பாடம் நடத்தினார்.

பாடம் நடத்தியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? இன்று என் கண்ணால் பார்த்தது: தாதி ஷார்மைன், கையுறை போட்ட கையால் தன் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டாள். அதே கையோடு என் சிவப்பு மூடியைத் திறக்க வந்தாள். கையுறையை மாற்று என்றேன். மாற்றினாள். சாரியாம். இருபத்தாறு வயதுக்குச் சாரி ஒன்றுதான் தெரியும்.

பக்கத்து நாற்காலி மைதீன் சிரித்தார். நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறவர், எல்லாவற்றுக்கும் சிரிப்பார். "சார், நீங்க ரிட்டையராகலை லா. கிளாஸ் மட்டும் மாறியிருக்கு."

சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் விரிவுரையாளராக இருந்தேன். கடைசியில் என்னிடம் படித்தவனையே எனக்குத் துறைத்தலைவனாக்கினார்கள். நான் ஏன் சிரிக்க வேண்டும்?

13 ஜூன், வியாழன்

ஷார்மைன் இன்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். எழுத ஒன்றும் இல்லை.

15 ஜூன், சனி

நாளை மாலை கிள்ளானில் பெர்னிஸின் கல்யாண விருந்து. பெர்னிஸ் என் தம்பி பிரையனின் மகள். ஒன்பது வருடமாக நானும் அவனும் பேசுவதில்லை.

அம்மாவின் அடக்கத் திருப்பலியில் பேசுவதற்கு நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மூத்தவன் நான். பிரையன் முந்திக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தான். கதை விட்டான், கோயிலையே அழ வைத்தான். என் இரண்டு பக்கமும் சட்டைப்பையிலேயே வீடு திரும்பியது.

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். சூசன்தான், "நீங்க வரலைன்னா, ரொம்ப முடியலை போலன்னு பேசிக்குவாங்க" என்றாள். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்திய பெண்டாட்டிக்கு எங்கே தட்டினால் நான் எழுந்திருப்பேன் என்று தெரியாதா.

16 ஜூன், ஞாயிறு

காலையில் சூசன் பூசைக்குப் போயிருந்தபோது தலைக்கு மை அடித்தேன். நரையோடு போய் பிரையன் முன்னால் நிற்பதற்கு நான் தயாரில்லை. குனிந்துதான் அலசினேன், இருந்தும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிவிட்டது. குழாய் மேல் போட்டிருந்த கட்டு முழுக்க ஈரம், ஓரத்தில் கறுப்பு. மையத்துக்கு ஞாயிறு விடுமுறை. மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் "தலைக்கு மை அடித்தேன்" என்று சொல்லிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார வேண்டுமாம்.

நானே பிரித்தேன், துடைத்தேன், முன்பு வாங்கி வைத்த துணியை வைத்து மேலே பிளாஸ்டர் ஒட்டினேன். ஏழு மாதமாக அவர்கள் செய்வதைப் பார்க்கிறேன். இதில் என்ன வித்தை இருக்கிறது? சொல்லப்போனால் அவர்கள் கட்டைவிட என்னுடையது மெலிதாக, சட்டைக்கு வெளியே புடைக்காமல் இருந்தது.

மண்டபத்தில் குளிர்சாதனம் பாதிதான் வேலை செய்தது. கோட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. பிரையன் வந்து கையைப் பிடித்தான். "அண்ணே, முடியலைன்னாங்க. என்னைவிட இளமையா இருக்கீங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போனேன் என்று எழுதினால் கேவலம். ஆனால் அதற்காகத்தான்.

18 ஜூன், செவ்வாய்

ஷார்மைன் சட்டையை விலக்கியதுமே கேட்டாள்: "இது நாங்க போட்ட கட்டு இல்லையே, சார். யாரு மாத்துனது?"

சனிக்கிழமை உங்கள் ஆள்தான் என்றேன். குழாய் வெளியே வரும் இடம் லேசாகச் சிவந்திருக்கிறது என்றாள். சுத்தம் செய்து புதுக் கட்டுப் போட்டாள். பிறகு சிகிச்சைத் தாளில் 'நோயாளி வீட்டில் கட்டை மாற்றியிருக்கிறார்' என்று எழுதினாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நான் பொய் சொல்கிறேன் என்கிறாயா, உன் வயதுப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன், அடி அந்த வரியை என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். மைதீன்கூடச் சிரிக்கவில்லை. ஷார்மைன் உதட்டைக் கடித்துக்கொண்டு குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

ஒழிந்தது.

23 ஜூன், ஞாயிறு. மருத்துவமனை

எழுத இன்றுதான் கை நிற்கிறது.

வியாழன் இயந்திரத்தில் மாட்டி இருபது நிமிடம் இருக்கும். முதலில் முதுகு குளிர்ந்தது. பிறகு பல் அடித்துக்கொண்டது. பிறகு நாற்காலியே ஆடியது - நான் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. மூன்று போர்வை போட்டார்கள். காய்ச்சல் நாற்பது டிகிரி. "மிஸ்ஸி, சாரைப் பாருங்க" என்று மைதீன் தாதியைக் கத்திக் கூப்பிட்டது கேட்டது. ஷார்மைன்தான் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள், குழாயிலிருந்தும் கையிலிருந்தும் இரத்தம் எடுத்தாள், ஆம்புலன்ஸில் கூடவே வந்தாள்.

இரண்டு இரத்தத்திலும் ஒரே கிருமி. தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருப்பதாம். குழாய் கிடைத்தால் உள்ளே வீடு கட்டிக்கொள்ளுமாம். குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். இதய வால்வில் ஒட்டியிருக்கிறதா என்று நாளை பார்ப்பார்களாம். முதுகு வலித்தால் உடனே சொல்லச் சொல்கிறார்கள், முதுகெலும்பிலும் போய் உட்காருமாம். எனக்கு முதுகு வலிக்காத நாள் எது?

இளம் டாக்டர் ஒருவர், வீட்டில் கட்டு நனைந்ததா, யாராவது பிரித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரே ஒரு நாள். அதெல்லாம் ஒரு கணக்கா?

25 ஜூன், செவ்வாய்

இதயம் தப்பியது. இப்போதைக்குத் தொடை இடுக்கில் ஒரு குழாய். கால் மடக்கக் கூடாது. கழிக்க வேண்டியதெல்லாம் படுக்கையிலேயே. ஐம்பத்து நான்கு வயதில் ஒருவன் திரைக்குப் பின்னால் பாத்திரத்துக்காகக் காத்திருப்பதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

28 ஜூன், வெள்ளி

சூசனின் செபக்குழு வந்தது. ஆறு பேர், ஒரு கூடை ஆரஞ்சு. சிறுநீரகம் போனவனுக்கு ஆரஞ்சு ஆகாது என்பதுகூடத் தெரியாத கூட்டம் கடவுளிடம் எனக்காகப் பேசுகிறது. நெஞ்சில் எண்ணெய் பூசவா என்று ஒரு அம்மாள் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீசாவை மூடிக்கொண்டார்.

அவர்கள் போனதும் மையத்தின் நிர்வாகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். 11 ஜூன் நடந்ததைத் தேதியோடு சேர்த்திருக்கிறேன்: கையுறை, முகக்கவசம், ஷார்மைன். நாலு பத்தி, ஒரு பிழை இல்லை. பல வருடத்துக்குப் பிறகு எழுதுவதில் ஒரு சுகம் இருந்தது.

3 ஜூலை, புதன்

மைதீன் ஃபோன் செய்தார். ஷார்மைனை நோயாளிகள் பக்கமே விடுவதில்லையாம், ஸ்டோரில் பெட்டி எண்ணுகிறாளாம். விசாரணை நடக்கிறது. என் தாளில் ஒரு வரியை எழுதி அடித்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். தன் தவற்றை மறைக்க நோயாளி மேல் பழி எழுதி, பயந்து தானே அடித்தாள் என்கிறார்கள். நிரூபணமானால் வேலை போகும், தாதியர் வாரியத்துக்கும் எழுதுவார்களாம்.

"அன்னைக்கு நீங்க சத்தம் போட்டதை நான் கேட்டேன், சார். ஆனா என்னையும் ஒரு வார்த்தை கேட்கணும்ல. யாரும் கேட்கலை."

உண்மையைச் சொல்லச் சொல்கிறாரா, மிரட்டுகிறாரா? இரண்டும் இல்லை, வருத்தப்படுகிறார் என்று புரிய எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

5 ஜூலை, வெள்ளி

அமுதவள்ளி நேரில் வந்தார், தாளின் நகலோடு. "சார், இந்த வரியை நீங்க அடிக்கச் சொன்னதா ஷார்மைன் சொல்லுது. அப்படியா?"

நினைவில்லை என்றேன். காய்ச்சல் என்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு ஏது காய்ச்சல்? அவருக்கும் அது தெரியும். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது, நினைவு வந்தால் அதற்குள் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

சூசன் தட்டை எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னைக்கு வீட்டுல துண்டுல மைக் கறை. பிளாஸ்டர் டப்பா திறந்து கெடந்துச்சு. இருபது நாளா நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்."

6 ஜூலை, சனி

கிருமி என் கையிலிருந்து வந்ததா, ஷார்மைன் கையிலிருந்து வந்ததா? டாக்டரையே கேட்டேன். உறுதியாக யாராலும் சொல்ல முடியாதாம். காலையிலிருந்து இந்த 'முடியாது' என்ற சொல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். நல்ல வக்கீல் மாதிரி.

மத்தியானம் அதுவும் கைவிட்டது. கிருமி யாருடையது என்று தெரியாமல் போகட்டும். அந்த வரியை அடிக்கச் சொன்னது என் வாய். அதில் என்ன சந்தேகம் இருக்கிறது? அவள் எழுதியது உண்மை. உண்மையை எழுதியதற்கு ஒரு பெண்ணிடம் கத்தி, அந்த வரியை அடிக்க வைத்து, அடித்ததற்காகவே அவள் வேலையையும் பறிக்கப் பார்க்கிறேன். என் கல்லூரி எனக்குச் செய்ததுகூட இவ்வளவு நேர்த்தியாக இல்லை.

பிரையன் என்னைப் பார்த்து இளமை என்று சொல்வதற்காக. சீ.

8 ஜூலை, திங்கள்

காலை எட்டு மணிக்கு அமுதவள்ளிக்கு ஃபோன் செய்தேன். மை, தண்ணீர், பிளாஸ்டர், கத்தல், எல்லாவற்றையும் சொன்னேன். புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தைச் சூசனிடம் கொடுத்தனுப்பினேன், ரபேல் என்று என் பெயரை எழுதி, அடையாள அட்டை எண் போட்டு. இதற்கு இரண்டே பத்திதான் வந்தது.

ஃபோனில் அமுதவள்ளி கடைசிவரை கேட்டார். பிறகு, "கையுறை விஷயம் உண்மைதானே, சார்?" என்றார். உண்மை என்றேன். "அதுக்கு நான் அவளைத் தனியா பேசிக்கிறேன். மத்தது முடிஞ்சது."

அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஃபோனை வைத்திருப்பேன்.

13 ஜூலை, சனி

இடது பக்கம் புதுக் குழாய். வீட்டுக்கு வந்தாயிற்று. ஆறு கிலோ குறைந்திருக்கிறேன், மாடிப்படியில் இரண்டு முறை நின்றேன். மருந்து இன்னும் சில வாரம், இயந்திரத்தில் மாட்டும் நாளில் மட்டும். தலையில் வேரோரம் நரை வெள்ளைக்கோடு போட்டு நிற்கிறது. நிற்கட்டும்.

16 ஜூலை, செவ்வாய்

ஷார்மைன் திரும்பிவிட்டாள். என் நாற்காலிக்கு அவள்தான். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னாள், எனக்கும் முகக்கவசம் மாட்டினாள், கையைக் கழுவினாள், கையுறை போட்டாள். ஒவ்வொன்றையும் நான் பார்க்க வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள் என்று நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"பேசாதீங்க சார், கட்டு பிரிச்சிருக்கு."

முடித்ததும் தாளில் எழுதினாள்: கட்டு உலர்ந்திருக்கிறது, சிவப்பு இல்லை. பிறகு தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள். "இனிமே நான் எழுதுறதுக்குக் கீழ நீங்களும் கையெழுத்துப் போடணும். அமுதவள்ளி அக்கா சொல்லலை. நான் சொல்றேன்."

போட்டேன். மைதீன், "பார்த்துப் போடுங்க சார், மார்க் குறைச்சிரும்" என்றார். அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை.

25 ஜூலை, வியாழன்

கையெழுத்து. கட்டு உலர்வு.

25 ஆகஸ்ட், ஞாயிறு

மருந்து முடிந்தது. கடைசி இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை. கையில் தைக்கும் அறுவைக்கு ஒருவழியாகச் செப்டம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அது பழுத்து ஊசி குத்தும் நிலைக்கு வர இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை இந்த வாலோடுதான் என் வாழ்வு.

சிறுநீரக நோயாளிகள் முகநூல் குழு ஒன்றில் சூசன் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. குழாய் போட்டவர்கள் மஞ்சள் தடவலாமா என்று ஒருத்தி கேட்கிறாள். தாராளமாக என்கிறான் ஒரு மேதை. பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு நீச்சலுக்குப் போனவன் படம் போட்டிருக்கிறான், நூற்றுப்பத்து பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் முன்னால் நான் ஒரு மேதையாக இருந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எனவே அந்தக் குழுவில் போட ஒரு பதிவைக் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதி முடித்தேன். கட்டு நனைந்தால் ஞாயிறானாலும் அவசரப் பிரிவுக்குப் போ, நாலு மணி நேரம் உட்கார், செத்துப்போக மாட்டாய். குளிர் எடுத்தால் போர்வை தேடாதே, ஆளைக் கூப்பிடு. கட்டை நீயே மாற்றியிருந்தால் தாதியிடம் சொல். அவள் எழுதுவதை அடிக்கச் சொல்லாதே. தலைக்கு மை அடித்ததையும் எழுதியிருக்கிறேன், ஒரு பெண் பெட்டி எண்ணியதையும்.

சூசன் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். "பேரு போடலையே?"

என் பெயர் இருக்க வேண்டிய கடிதம் அமுதவள்ளியின் கோப்பில் இருக்கிறது, தாளில் வாரம் மூன்று முறை இருக்கிறது என்றேன். இங்கே போட்டால் பிரையன் படிப்பான், தலை மையை வைத்துக் கிள்ளான் முழுக்கக் கதை விடுவான்.

"பேரில்லாமப் போட்டாலும் தெரியும். இவ்வளவு பேரைத் திட்டிக்கிட்டு வேற யாரு எழுதுவா?"

தெரியட்டும். பெயர் போடாமலேதான் அனுப்பப்போகிறேன்.