பின்னால் ஏற்றிய மணல்

இன்று காலை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபோது பின்சக்கரத்துப் பக்கமிருந்து எண்ணெய் வாசனை வந்தது. ஷாக் அப்சார்பர் கசிந்து, அதன்மேல் தெருப்புழுதி அப்பிக் கறுத்துக் கிடந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். வண்டிக்கடியில் நீயே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வரும் நாட்களில் உன் துப்பட்டாவிலும் இதே வாசனைதான். மாட்டு மருந்தின் நெடியும் அதோடு கலந்திருக்கும்.

நீ போனபிறகு வண்டியை அதிகம் எடுப்பதில்லை. காய்கறி வாங்க, வங்கிக்குப் போக, அவ்வளவுதான். கொஞ்ச நாளாக வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் குதித்துக் குதித்துத்தான் அடங்குகிறது. புனேயிலிருந்து மகள் பேசும்போது சொன்னேன். "ஒத்த ஆளுக்கு எதுக்குப்பா அவ்ளோ பெரிய வண்டி? குடுத்துட்டு சின்னதா ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள். பார்க்கலாம்மா என்று போனை வைத்துவிட்டு, வண்டியை மண்ணூர்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். உன் மெக்கானிக் பாஸ்கரிடம்தான்.

அவன் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டான். வண்டி ஒரு தடவையில் நிற்காமல் ஆடியது. "பின்னாடி ரெண்டும் பூட்ச்சு சார். முன்னாடி ரெண்டும் போற மாரிதான் கீது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஒண்ணு ரெண்டு மாத்தினா ஒரு பக்கம் ஒரு மாரி போவும். நாலையும் மாத்திக்கோ" என்றான்.

போன தடவை அந்த இடத்தில் நீ நின்றிருந்தாய். ஏரிக்கரை ஊர்களுக்கு மழைக்காலத்திலும் மாட்டு வைத்தியம் பார்க்கப் போகவேண்டும் என்றுதானே இந்த வண்டியையே வாங்கினாய். முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி ஒரு கொல்லையில் எருமை கன்று போட முடியாமல் கிடந்த அன்றைக்கு, களிமண்ணில் டிராக்டரே புதைந்து நின்றது. நீ நான்கு சக்கர இழுவைக்கான லீவரைத் தள்ளிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போனாய். கன்றின் காலில் கயிறு கட்டி, "ஏங்க, நான் சொல்றப்ப மட்டும் இழுங்க" என்றாய். தொழிற்பேட்டையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த என் கையில் ஒரு உயிர் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது அன்றைக்குத்தான். நான் அழுததைப் பார்த்து அந்த வீட்டுக்காரம்மா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினாய்.

அதற்குப் பிறகுதான் பழைய ஷாக் அப்சார்பர்களை மாற்றினோம். மருந்துப் பெட்டி, ஐஸ் பெட்டி, தீவன மூட்டை என்று பின்னால் எப்போதும் பாரம். "ஆர்டா ஒரு செட்டு கீது மேடம். லோடு தாங்கும். ஆனா வண்டி காலியா போனா தூக்கித் தூக்கிப் போடும்" என்றான் பாஸ்கர். "என் வண்டி எப்ப காலியா போயிருக்கு?" என்று கேட்டு அதையே போடச் சொன்னாய்.

இன்று அவன் பின்கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். "இன்னா சார், மூட்ட மூட்டயா மணலு?"

அவனுக்குத் தெரியாது. நீ சிகிச்சைக்குப் போய்வந்த மாதங்களில் வண்டியில் மருந்துப் பெட்டி இல்லை, தீவனம் இல்லை. அவன் சொன்னபடியே தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குழியிலும் கதவுக்கு மேலிருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு நீ உதட்டைக் கடித்தாய். வாடகைக் காரில் போகலாம் என்றால், தெரியாத ஆள் முன்னால் வாந்தி எடுக்க முடியாது என்றாய். மெத்தென்று ஒரு செட் மாற்றிவிடலாம் என்றேன். "வேணாங்க. நான் எழுந்து வேலைக்குப் போறப்ப மறுபடியும் லோடு ஏத்தணும். அப்ப இதத் தேடுவோம்" என்றாய். அதற்கு மேல் உன்னிடம் எப்படி வாதாடுவது? வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு மணல் வாங்கி, சிமென்ட் பையில் அள்ளிக் கட்டி, உனக்குத் தெரியாமல் பின்னால் ஏற்றினேன். பாரம் ஏறியதும் குலுக்கல் பாதி குறைந்தது. மறுநாள் ஆவடி தாண்டியதுமே, "ரோடு போட்டுட்டாங்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். திரும்பி வரும்போது நீ தூங்கினாய்.

இதையெல்லாம் பாஸ்கரிடம் சொல்லவில்லை. "லோடுக்குத்தான் வெச்சிருந்தேன்" என்றேன்.

"இப்ப பசங்க வண்டியத் தூக்கி வெச்சுக்கினு ஓட்றானுங்க, அதுக்கு ஒசரமா ஒரு செட்டு வருது. உனக்கு அது வேணாம். வண்டிக்குன்னு வந்த அளவே போதும். ஆர்டா போடவா, சாஃப்டா போடவா? மொதல்ல இத்த சொல்லு சார், வண்டில எத்தினி பேரு போவீங்க?"

"ரெண்டு பேர்" என்று வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் மட்டுந்தான்" என்றேன். "லோடு இல்ல. சாஃப்டாவே போட்டுடு. மணல எறக்கிடலாம்."

வண்டியை விற்பதில்லை என்று அந்த இடத்தில்தான் முடிவாயிற்று. இருவரும் சேர்ந்து மூட்டைகளை இறக்கினோம். பட்டறை வாசலில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கொட்டச் சொன்னேன். நான்கையும் மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி நிற்கவைத்து, அதன் எடை முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்தபிறகு கடைசி முறுக்கு முறுக்கினான். கிளம்பும்போது கதவில் கைவைத்து, "மேடம் இருந்தா கீழ படுத்து ஒரு தபா பாத்துட்டுத்தான் வுடுவாங்க" என்றான். தலையாட்டினேன்.

அம்பத்தூர் தாண்டி வரும்போது வண்டி படகுபோலப் போயிற்று. நீ கேட்காமலே போன சுகம் அது. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.

ஒன்று மட்டும் விடமாட்டேன் என்கிறது. அந்த மாதங்களில் ஒவ்வொரு மேட்டுக்கும் குழிக்கும் முன்னால் உன்னிடம் சொல்லிவிடுவேன். நீ உடம்பை இறுக்கிக்கொண்டு "ம்" என்பாய். அதன்பிறகுதான் வண்டியை ஏற்றுவேன். மருத்துவமனை வரைக்கும் இந்தச் சாலை எனக்கு அப்படித்தான் மனப்பாடம், எந்த இடத்தில் உனக்கு வலிக்கும் என்று. திருமுல்லைவாயில் வேகத்தடை வந்தது. "மேடு வருது" என்றேன். பின்னால் தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நீ "ம்" சொல்லும் அளவுக்கு நேரம் விட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.